போதும் என்று சொல்லும் வரை

செங்கரட்டூரில் மாமனும் மச்சானும் வருசத்தில் ஒருநாள் விளக்குமாற்றால் அடித்துக்கொள்வார்கள். முத்தாலம்மன் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில், பழைய விளக்குமாற்றைச் சேற்றில் முக்கி, அந்த வருசம் பூராவும் வரப்பிலும் பந்தியிலும் டீக்கடையிலும் சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் ஒருவர் முதுகில் ஒருவர் இறக்கி வைப்பார்கள். அடி வாங்குகிறவர் "போதும்" என்று சொன்னால் அந்தக் கணமே விளக்குமாறு கீழே விழுந்துவிட வேண்டும், கீழே போட்ட கையாலேயே அவர் வாயில் ஒரு துண்டு வெல்லத்தை வைக்க வேண்டும், அதற்கப்புறம் அந்தச் சண்டையைப் பற்றி ஆயுசுக்கும் பேசக்கூடாது. போதும் என்று சொன்ன பிறகும் கையை ஓங்கினான் என்று பெயர் வாங்கியவன் அந்த ஊரில் ஒருத்தனும் கிடையாது. மற்றபடி நல்லவர்கள், கெட்டவர்கள், குடிகாரர்கள், பொய் சொல்கிறவர்கள் என்று எல்லா ஊரிலும் இருப்பது போல அங்கேயும் இருந்தார்கள்.

பவுன்தாய் அந்த வருசம் அந்த நாளுக்காகக் காத்துக் கிடந்தாள். அவள் புருசன் காசிமாயனும் அவளுடைய அண்ணன் வீரணனும் கோடையிலிருந்து பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். இரண்டு பேர் காட்டுக்கும் கிணறு ஒன்றுதான்; காலையில் ஒருவர் மோட்டார் ஓட்டினால் சாயங்காலம் இன்னொருவர். காசிமாயனின் வெங்காயம் வாடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் வீரணன் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தான், காசிமாயன் போய் மோட்டாருக்குக் கரண்ட் வருகிற பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்தான். அவ்வளவுதான் சண்டை. ஆனால் பவுன்தாயின் மகள் தர்ஷினிக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துகிற வழக்கம் அங்கே இல்லை. நாலு வயசாகியும் மூளிக் காதோடு திரிகிற பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் பவுன்தாய்க்கு மனசு அடித்துக்கொள்ளும். விளக்குமாறு விழட்டும், வெல்லம் வாய்க்குப் போகட்டும், மறுவாரமே அண்ணன் மடியில் பிள்ளையைத் தூக்கி வைத்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அன்றைக்குத்தான் அடி வலிக்காமல் போனது.

வீரணன்தான் முதல் அடியை அடித்தான். சேறு தெறித்தது. காசிமாயன் முதுகைக் காட்டியபடியே திரும்பிப் பார்த்தான்.

"என்ன மச்சான், காலையில கஞ்சி குடிக்கலையா? விசிறி விடுறீகளே!"

"இருடா மாப்ள, இந்தா வருது பாரு."

வந்தது. காற்று பட்ட மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்படியே இருந்தது. முதலில் விளக்குமாறு விற்ற ஆளைத் திட்டினார்கள், ஈர்க்கு சரியில்லை என்றார்கள், அப்புறம் செருப்பைக் கழற்றினார்கள், அப்புறம் கோயில் வேலியில் கிடந்த கம்பை எடுத்தார்கள், கம்பு முதுகில் பட்டு இரண்டாக முறிந்ததே தவிர முதுகில் ஒரு கோடுகூட விழவில்லை. வெயில் ஏறியது. வலிக்காததால் ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை. சொல்லாததால் ஒரு விளக்குமாறும் கீழே விழவில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் உடைத்து வைத்திருந்த வெல்லத்தை எறும்பு கொண்டுபோனது. கை சலித்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சண்டை தீர்ந்ததா, தீரவில்லையா என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பூசாரி கொண்டையன் நெற்றி நிறைய விபூதியோடு எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்: "ஆத்தா நம்ம வலியெல்லாம் வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்டாப்பா. இனி செங்கரட்டூர்ல மனுசன் அடிச்சு மனுசனுக்கு வலிக்காது." ஊர் கூடி ஒரு கிடாய் வெட்டியது. கயிற்றை இழுத்துப் போனவன் கம்பால் ஒன்று வைத்தபோது கிடாய் வலியில் கத்தியது, அது வாயில்லாச் சீவன் என்பதால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எதனால் வந்தது என்று ஆராய ஊருக்கு நேரமில்லை, வெங்காயம் எடுக்கிற காலம். வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். முதல் மாதம் அது வெறும் விளையாட்டாக இருந்தது. எதிரே வருகிறவனை வணக்கம் சொல்வதற்குப் பதில் முதுகில் ஒன்று வைத்தார்கள், கல்யாணத்துக்குப் பாக்கு வைக்க வந்தவர்கள் தட்டை நீட்டுவதற்கு முன்னால் கன்னத்தில் ஒன்று வைத்தார்கள், அடிக்காமல் போகிறவனைப் பார்த்து "என்னப்பா, கோவமா?" என்று கேட்டார்கள். முள் குத்தினால் வலித்தது, அடுப்பு சுட்டால் வலித்தது, தேள் கொட்டினால் வலித்தது; மனுசன் கை மட்டும் பூவாகிப் போனது. ஊர் எல்லைக் கல்லைத் தாண்டினால் அது செல்லாது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சந்தைக்குப் போன ஒரு பையன் பழக்க தோசத்தில் தக்காளிக்காரரை அறைந்துவிட்டு, அங்கே நாலு பேரிடம் வாங்கிக்கொண்டு வந்து, வீங்கிய உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, "அங்கன வலிக்குதுடா" என்று அதிசயமாகச் சொன்னான். கேட்டவர்கள் அந்த ஊருக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

பவுன்தாய்க்கும் தொடக்கத்தில் சந்தோசமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் கல்யாணமான நாளிலிருந்து புருசனிடம் அடி வாங்குகிறவள். அவள் ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யாத்தே பவுனு, நேத்து அந்தாளு அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு உக்காந்துட்டாருடி. நான் முறுக்குத் தின்னுக்கிட்டே வாங்குனேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, முறுக்கு தீந்துச்சு, நான் ஆரம்பிச்சேன்."

குழாயடியே சிரித்தது. பஞ்சவர்ணம் அன்றைக்கு ராணி மாதிரி இடுப்பில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் நாள் போகப் போக அவள் உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டே கோலம் போடுவதைப் பவுன்தாய் பார்த்தாள். இப்போதெல்லாம் குழாயடியில் வரிசை இல்லை. வலுத்தவள் குடம் முன்னால் இருந்தது. ரேசன் கடையிலும் வரிசை இல்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் முதலில் அடிக்க மறுத்தாள், அப்புறம் ஸ்கேலை எடுத்தாள், அப்புறம் ஸ்கேல் இல்லாமல் அவளுக்குப் பாடம் நடத்தவே வரவில்லை. கடன் வாங்கிய கடுகை எப்போது தருவாய் என்று கேட்கிறவர்கள் இல்லை, எருமை ஏன் என் காட்டில் மேய்ந்தது என்று கேட்கிறவர்கள் இல்லை. கேட்பதற்கு வாயைத் திறந்து, எதிராளி பதில் சொல்கிற வரை நிற்க வேண்டும், அதற்குள் கை ஓடிப்போய் அடித்துவிட்டு வந்துவிடுகிறது. ஊரே நடுங்க மூன்று தெரு கேட்க வைது தீர்க்கிற கிழவி ஒருத்தி இருந்தாள். வைவதற்கு ஆள் நிற்காததால் அவள் வார்த்தையெல்லாம் மறந்து, வாயில் வெற்றிலையை மட்டும் மென்றுகொண்டு கிடந்தாள். நாய்கள்தான் முதலில் ஊரை விட்டுப் போயின. அவற்றுக்கு அடி வலித்தது. பைபாஸ் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து, பொழுதெல்லாம் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தன, சோற்றுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை.

"போதும்" என்ற வார்த்தை அப்போது ஒரு வேடிக்கையாகிவிட்டிருந்தது. அடிபடுகிறவன் கையைக் கூப்பிக் கண்ணை உருட்டி, "போதும் சாமி, போதும்!" என்று கூவினால் சுற்றி நிற்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இளவட்டங்கள் குங்குமத்தைக் கரைத்து மண்டையில் ஊற்றிக்கொண்டு விழுந்து துடிப்பார்கள், நன்றாகத் துடித்தவனுக்குக் கைதட்டு விழும். பந்தியில்கூட, சாம்பார் ஊற்றுகிறவனைப் பார்த்து யாரும் போதும் என்று சொல்ல முடியவில்லை. சிரிப்பு வந்து ஊற்றுகிறவன் வாளியைக் கவிழ்த்துவிடுவான்.

பவுன்தாயும் அடித்தாள். அவள் காரியக்காரி, அதில் ஒரு சுளுவு இருந்தது. முன்னால் தர்ஷினிக்குச் சோறு ஊட்ட நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, கதை சொல்லி, கொஞ்சி, அரைமணி நேரம் போகும். இப்போது கன்னத்தில் பட்டென்று ஒன்று வைத்தால் பிள்ளை கூச்சத்தில் வாயைத் திறக்கும், அந்த வாய்க்குள் உருண்டையைத் தள்ளிவிடலாம். பிள்ளைக்கும் அது விளையாட்டு. "இன்னும், இன்னும்" என்று கன்னத்தைக் காட்டும். யாருக்கும் நட்டமில்லை, வேலை முடிகிறது, வெயிலுக்கு முன் காட்டுக்குப் போகலாம். காக்காய்கள் கொஞ்ச நாள் கூரையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டன.

அந்தச் சமயத்தில்தான் காது குத்துகிற பத்தர் ஊருக்கு வந்தார். பஞ்சவர்ணத்தின் தங்கை மகளுக்கு அவர் குத்தியபோது பவுன்தாய் கூடவே இருந்து பார்த்தாள். ஊசி வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கி ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு வந்தது. ஒரு பொட்டு ரத்தமில்லை. பிள்ளை பஞ்சு மிட்டாயைச் சப்பிக்கொண்டு சிரித்தது. பவுன்தாய்க்குப் பொறுக்கவில்லை. இந்த வரம் எத்தனை நாளைக்கோ, யார் கண்டது, இருக்கும்போதே என் பிள்ளைக்கும் வலிக்காமல் குத்திவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து புருசனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனைக் கூப்பிடவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கிணறு யாருக்குன்னு தெரியாம அவன் மடியில என் பிள்ளை உக்காராது."

"அப்ப அதையும் தீத்துத் தொலைங்களேன். ஊரே களத்துல நின்னு அடிச்சுத் தீத்துக்கிறாக. நீங்க ரெண்டு பேரு மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையிறீக. ஒரு காலையில முடியுற சோலி."

களத்தில் அப்போது அப்படித்தான் வழக்குத் தீர்ந்தது. இரண்டு பேரும் எதிர் எதிரே நின்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும், யார் கை முதலில் சோர்கிறதோ அவன் தோற்றான். பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் மேடை வெயிலில் காய்ந்து கிடந்தது. காசிமாயன் சட்டைக்கையை மடித்துத் தன் புஜத்தைப் பார்த்துக்கொண்டான். பவுன்தாய் அதே சூட்டோடு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். வீரணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான், மாடு அவன் கை அசையும்போதெல்லாம் மிரண்டு ஒதுங்கியது.

"ஏண்ணே, உன் மருமகளுக்கு எப்ப காது குத்துறது?"

"உன் வீட்டுக்காரன்தான்த்தா வரக்கூடாதுங்கறான்."

"களத்துக்கு வா. அடிச்சுத் தீத்துக்கங்க. தோத்தவன் யாரா இருந்தாலும் அன்னைக்கே மடியில பிள்ளை."

வீரணன் சிரித்தான். சின்ன வயசில் அவளைத் தோளில் வைத்துக் கரட்டு மேல் ஏறி இலந்தைப்பழம் பறித்துக் கொடுத்தவன். "சரித்தா. வெள்ளிக்கிழமை வரேன். மாப்ளகிட்டச் சொல்லு, நல்லாச் சாப்பிட்டு வரச்சொல்லு, போன தடவ மாதிரி விசிறி விட்டான்னு என்னையச் சொல்லக்கூடாது. பாப்பாவுக்குத் தோடு எடுத்து வச்சிருக்கேன். சேப்புக் கல்லு."

வெள்ளிக்கிழமை காசிமாயன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டான். பவுன்தாய் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். வழக்கம்போல ஒன்று வைத்தாள்.

தர்ஷினி வாயைத் திறக்கவில்லை. கண்ணை அகல விரித்து அம்மாவையே பார்த்தாள். பிறகு கையைக் கொண்டுபோய்க் கன்னத்தில் மெதுவாக வைத்து, வைத்த கையை எடுத்துப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டியிருக்கும் என்பது போல. கன்னத்தில் ஒவ்வொன்றாக ஐந்து விரலும் சிவந்து எழும்பின. அப்புறம்தான் அந்த அழுகை வந்தது. பல மாதமாக அந்த ஊரில் யாரும் கேட்காத அழுகை. அடிபட்டதற்காக மட்டும் அழுகிற அழுகை அது இல்லை. அடித்தது யார் என்று பார்த்து அழுகிற அழுகை.

கிண்ணம் உருண்டது. பவுன்தாய் ஒரு கணம் தன் கையையே பார்த்தாள். அடுத்த கணம் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு களத்தைப் பார்க்க ஓடினாள்.

பஞ்சவர்ணத்தின் வாசலில் அவள் புருசன் சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான், விரல் இடுக்கில் சிவப்பாக வழிந்தது, பஞ்சவர்ணம் உலக்கையோடு நின்று, "குங்குமத்தை எங்கடா ஒளிச்சு வச்ச?" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். "வலி வந்துருச்சு, வர்ணம், வலி வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே பவுன்தாய் ஓடினாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது உள்ளே பிள்ளைகள் கூட்டமாக அழுவது கேட்டது, டீச்சரின் சிரிப்பும் கேட்டது, ஒரு வளைவு தாண்டியதும் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றதும் கேட்டது. பைபாசுக்கு அந்தப் பக்கம் நாய்கள் எல்லாம் எழுந்து நின்றிருந்தன.

களத்தில் நல்ல கூட்டம். வீரணன் தன் முறைக்கு அடித்து முடித்திருந்தான் போல. காசிமாயன் இடது தோளை ஒரு மாதிரியாகத் தூக்கி வைத்துக்கொண்டு, முகம் வெளுத்து, பல்லைக் கடித்தபடி நின்றான். வலித்தது என்று அவன் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வது எப்படி என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவன் உடம்பில் ஏறியதைக் கோபம் என்று மட்டும்தான் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. மண்வெட்டியை இரண்டு கையாலும் தூக்கினான்.

"ஏங்க, வேணாம்! வலிக்குதுங்க! இங்க பாருங்க, பிள்ளை கன்னத்தைப் பாருங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "அடேங்கப்பா, பவுனு அண்ணனுக்குச் சப்போர்ட்டா வந்துட்டாடா." "கன்னத்துல செம்பருத்தியைத் தேச்சுவிட்டிருக்கா பாரு, தத்ரூபமா இருக்கு." "பிள்ளை அழுகையைப் பாருங்கடா, இதுக்குப் பரிசே குடுக்கலாம்." நாலு பேர் கைதட்டினார்கள். அவள் முன்னால் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவன் திரும்பாமலே முழங்கையால் தள்ளினான், அவள் பிள்ளையோடு மண்ணில் விழுந்தாள்.

மண்வெட்டி இறங்கியது. மண்ணை வெட்டுகிற சத்தம்தான் கேட்டது.

வீரணன் முழங்காலில் உட்கார்ந்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, தங்கச்சி புருசனை அண்ணாந்து பார்த்து, கோபம் துளிகூட இல்லாமல், பந்தியில் இலைக்கு மேல் கையை மறிக்கிறவன் சொல்வது போலச் சின்னக் குரலில் சொன்னான்:

"போதும் மாப்ள."

களமே சிரித்தது. அவ்வளவு அழகாக அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், காசிமாயனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் தூக்கினான்.

வீரணன் குப்புற விழுந்த பிறகும் சிரிப்பு கொஞ்ச நேரம் ஓடியது. ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். பவுன்தாய் தவழ்ந்து போய் அண்ணனைப் புரட்டினாள். அவன் இடுப்புத் துண்டிலிருந்து நழுவி விழுந்த காகிதப் பொட்டலத்தில் இரண்டு சிவப்புக் கல் தோடு இருந்தது. ரத்தத்தில் நனைந்த கையை அவள் முன்னால் நின்றவன் வேட்டியில் வைத்தபோது, அவன் குனிந்து அந்த ஈரத்தை மோந்து பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. பக்கத்திலிருந்தவனுடையது நின்றது. அடை மழை ஓய்கிற மாதிரி சிரிப்பு களத்தின் கடைசி வரைக்கும் ஓய்ந்தது.

தெரிந்துவிட்டது அல்லவா, இனி நிறுத்தியிருக்கலாம். வீரணனின் பங்காளி ஒருவன் களத்தோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தான். அதைப் பார்த்து இன்னொருவன் கல்லை எடுத்தான். வலிக்கிறது என்று தெரிந்தேதான் அடித்தார்கள். போதும், போதும் என்று எல்லாப் பக்கமும் உண்மையாகவே சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட வேண்டும் என்பது ஒரு கைக்கும் ஞாபகம் வரவில்லை. வலி திரும்பி வந்த அளவுக்கு வேகமாக மற்றது எதுவும் திரும்பி வரவில்லை. சாயங்காலம் போலீஸ் வேன் வரும்போது கூரைகள் புகைந்துகொண்டிருந்தன. கொண்டையன் கோயில் நடையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

காசிமாயன் மதுரை ஜெயிலில் இருக்கிறான். பவுன்தாய் மாதம் ஒருதடவை போய்ப் பார்க்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, தன் கை இரண்டையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை சாப்பிடுதா?" என்று மட்டும் கேட்கிறான். சாப்பிடுகிறது. பவுன்தாய் நிலாவைக் காட்டுகிறாள், கதை சொல்கிறாள், அரைமணி நேரம் ஆனாலும் ஒரு மணி நேரம் ஆனாலும் ஊட்டுகிறாள். ஊட்டாத கையை எப்போதும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் அந்தக் கையை எதற்காவது தூக்கினால், கொடியில் துணி போடத் தூக்கினால்கூட, தர்ஷினி கண்ணை மூடிக்கொள்ளும். காக்காய் ஒன்றிரண்டு வருகிறது. நாய்கள் வரவில்லை. அடுத்து வந்த முத்தாலம்மன் பொங்கலுக்குச் செங்கரட்டூரில் விளக்குமாறு வீடு பெருக்க மட்டும்தான் வெளியே வந்தது.

வைகாசியில் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனாள். அந்தச் சிவப்புக் கல் தோட்டை முந்தானையில் முடிந்து கொண்டுபோனாள். பத்தர் ஊசியை எடுத்துக்கொண்டு வழக்கப்படி கேட்டார்.

"தாய்மாமன் எங்கம்மா?"

"இல்லைங்க."

"அப்ப யார் மடியில?"

"என் மடியிலதான்."

வலது காதில் ஊசி இறங்கியது. ஒரு பொட்டு ரத்தம் உருண்டு வந்து நின்றது. தர்ஷினி கத்தவில்லை, திமிறவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிய, பத்தரை அண்ணாந்து பார்த்து, கோபம் துளிகூட இல்லாமல், சின்னக் குரலில் சொன்னாள்:

"போதும்."

அது அவள் குரல் இல்லை. அன்றைக்குக் களத்தில் கேட்டதை அப்படியே வைத்திருந்தாள். கடையில் தோடு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் "அய்யோ, பெரிய மனுசி மாதிரி சொல்லுதே!" என்று சிரித்தார்கள். பத்தரும் சிரித்துக்கொண்டே ஊசியைத் துடைத்து இடது பக்கம் திரும்பினார்.

பவுன்தாய் பத்தரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விட்ருங்கய்யா."

"என்னம்மா இது, இன்னொரு காது கிடக்குல்ல? ஒத்தக் காதோட பிள்ளைய எப்படி வெளிய கூட்டிட்டுப் போவ? ஊர்ல கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும்."

"என்ன சொல்லுவ?"

"பிள்ளை போதும்னு சொல்லிருச்சு," என்று பவுன்தாய் சொன்னாள். பத்தர் ஊசியைக் கீழே வைக்கும்வரை அவர் கையை அவள் விடவில்லை. வைத்த பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு தோட்டை எடுத்துப் பிள்ளையின் வலது காதில் போட்டுத் திருகினாள். இன்னொன்றைத் திரும்ப முடிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு வெல்லக்கட்டி வாங்கி, ஓரத்தைக் கடித்து ஒரு துண்டு உடைத்து, அன்றைக்கு அடித்த அந்தக் கையாலேயே, பிள்ளை கண்ணை மூடித் திறக்கிற வரைக்கும் காத்திருந்து, அதன் வாயில் வைத்தாள்.